களனிக் கரையின் இளவேனில் விழாக்கள்

தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் எனப்படும். உறைபனி உருகி மரங்கள் தளிர்க்கின்ற மேனாட்டு வசந்தம் இலங்கைக்கு உரியதன்று. ஆயினும் இத்தீவின் மேற்குக் கரையோரத்திலே, ஆண்டின் மற்றைய மாதங்களினின்றும் வேறுபட்ட ஒரு பருவம் இதுவே. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். தென்மேல் பருவக்காற்று எழுவதற்கு வைகாசியின் பிற்பகுதி வரை காலம் இருக்கும். இடைப்பட்ட வாரங்களிற் கடல் அடங்கிக் கிடக்கும். முள்முருக்கு இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூக்கும், குயில் கூவும், பகலெல்லாம் வெப்பம் வருத்தும், பிற்பகலில் இடியோடு பெய்யும் மழை நிலத்தைக் குளிர்வித்துப் போகும். மாலையானதும் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து கூடுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை.

இப்பருவத்திலே விழாக்கள் செறிந்து நிகழும் இடங்களுள் களனி கங்கையின் முகத்துவாரத்தை அடுத்த பகுதி தனிச்சிறப்பு வாய்ந்தது. ஆற்றின் வடகரையில் வத்தளையும் ஹெந்தலையும் மாபோலையும் உள்ளன. தென்கரையில் முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் கொழும்புத் துறைமுகம் வரை நெருங்கியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்விரு கரைகளையும் இணைத்தது தோணிகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மீது பலகை பரப்பிய மிதவைப் பாலமே. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கப்பட்ட பின்னரே நிலையான பாலம் வாய்த்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெட்டிய ஹமில்டன் கால்வாய், ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டுக் கடலுக்கு இணையாக நீர்கொழும்பு நோக்கிச் செல்கின்றது. கத்தோலிக்க மீனவர், சிங்கள பௌத்தர், சைவத் தமிழர், பரதர், கொழும்புச் செட்டிகள், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பலரும் இப்பகுதியில் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வந்துள்ளனர். ஒருவர் வீட்டு மேளம் மற்றவர் வீட்டில் ஒலிக்கும். ஒருவர் ஆலய மணி மற்றவர் உறக்கத்தைக் கலைக்கும். ஆகவே, இங்கு ஒரு விழா நடைபெறுதல் என்பது, அவ்விழாவுக்கு உரியவர்களை மட்டும் பற்றிய செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை.

இவ்விழாக்கள் யாவும் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது தற்செயலன்று. அவற்றின் நாட்களை வகுப்பவை ஒரே சூரியனும் ஒரே சந்திரனுமே. பங்குனித் திங்களின் நிறைமதியை ஒட்டி வருவது சைவர்களின் பங்குனி உத்தரம். மார்ச் 21ஆந் தேதியன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணையை அடுத்த ஞாயிறே கிறித்தவர்களின் உயிர்த்த ஞாயிறு. எனவே, பங்குனி உத்தரமும் பெரிய வெள்ளியும் பல ஆண்டுகளில் ஒரே வாரத்தில் வந்து சேரும். சூரியன் மீன இராசியை விட்டு மேட இராசியிற் புகும் வேளை சித்திரைப் புத்தாண்டு. அதன் பின் பௌத்தர்களின் வெசாக் பூரணை. அவரவர் சமய நூல்கள் வேறு வேறு காரணங்களைக் கூறினும், வானம் எல்லார்க்கும் பொதுவாகவே நின்று நாள் குறிக்கின்றது.

புத்தாண்டு நாளும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. 1660இல் கண்டியரசனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே, சிங்களவரின் ஆண்டு மார்ச் 28ஆந் தேதியளவில் தொடங்குவதாகக் குறித்துள்ளார். அக்காலத்து ஆங்கிலேயர் கைக்கொண்டது பழைய யூலியன் கணக்கு. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது ஏப்பிரில் 7ஆந் தேதியாகும். இன்று புத்தாண்டு பிறப்பது ஏப்பிரில் 13 அல்லது 14இல். மூன்றரை நூற்றாண்டுக்குள் புத்தாண்டு ஆறு நாளளவு பின்தள்ளிப் போயிருக்கின்றது. விண்மீன்களை அளவுகோலாகக் கொண்ட பஞ்சாங்க ஆண்டு, பருவங்களை அளவுகோலாகக் கொண்ட ஆண்டைவிடச் சிறிது நீண்டது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாக அவ்வேறுபாடு சேர்ந்து வருகின்றது. ஆதியிலே இரவும் பகலும் சமமாகும் நாளைத் தழுவி நின்ற ஒரு விழா, இவ்வாறே மெல்ல மெல்ல ஏப்பிரில் நடுவுக்கு வந்து சேர்ந்தது.

சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான பெருவிழா இஃதொன்றே. எனினும் இரு சாராரும் அதனைக் கணிக்கும் முறையிற் சிறு வேறுபாடு உண்டு. சூரிய வட்டம் முழுவதும் இராசி எல்லையைக் கடப்பதற்குச் செல்லும் காலமாகிய 12 மணி 48 நிமிடங்களைச் சிங்களவர் 'நொனகத்த' என்பர். அப்பொழுது அடுப்பு மூட்டுவதில்லை, தொழில் செய்வதில்லை, விகாரைக்குச் செல்வதும் விளையாடுவதுமே வேலை. தமிழரின் பஞ்சாங்கத்திலே இது புண்ணியகாலம் எனப்படும். சங்கிரமணத்துக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு மணி நேரம் நீடிக்கும். அவ்வேளையில் ஆலயத்திலே வழங்கப்படும் மருத்துநீரைத் தலையில் வைத்து, அவ்வாண்டுக்குப் பஞ்சாங்கம் விதித்த இலைகளை முடியிலும் அடியிலும் வைத்து நீராடுவர். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஆண்டு பிறக்கும் நேரத்தை வெவ்வேறாகக் கூறுவதால், ஒரே தெருவிலே இரு தமிழ்க் குடும்பங்கள் வெவ்வேறு நேரத்திற் பொங்குவதும் உண்டு. அதுபற்றிச் சண்டை பிறந்ததாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

முதல் அடுப்பு மூட்டல், முதல் உணவு, முதற் கொடுக்கல் வாங்கல், எண்ணெய் வைத்தல், தொழில் தொடங்கல் என ஒவ்வொன்றுக்கும் சுபநேரம் உண்டு. சிங்கள வீடுகளிலே பாற்சோறும் கொக்கிசும் பணியாரமும், தமிழர் வீடுகளிலே சர்க்கரைப் பொங்கலும் முறுக்கும் அரியதரமும் தட்டுகளில் நிறையும். பெரியோர் வெற்றிலையுடன் பணம் வைத்து இளையோர்க்குக் கைவிசேஷம் அளிப்பர். பலகாரத் தட்டை மூடிக்கொண்டு சிறுவர் அயல்வீட்டுக்குச் செல்வர். அத்தட்டு வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தட்டுகள் சமய எல்லையைப் பார்ப்பதில்லை. கத்தோலிக்கச் சிங்களவரும் தமிழரும் புத்தாண்டைத் தம் இனத்தின் விழாவாகக் கொண்டாடுகின்றனர். ஏப்பிரில் 14இல் அனுப்பிய தட்டுக்கு நத்தார் நாளிலே பதில் வரும். முஸ்லிம் அயலவர் பெருநாளன்று வட்டிலாப்பம் அனுப்புவர்.

விளையாட்டுகளோ பல. பெண்கள் கூடி அமர்ந்து றபானைத் தட்டுதலும், மரக்கிளையிலே ஊஞ்சல் கட்டி ஆடுதலும், சோகிகளை உருட்டி ஆடும் பஞ்ச விளையாட்டும் பழமையானவை. தமிழரின் போர்த்தேங்காய், ஒருவர் கையிலுள்ள தேங்காயை மற்றவர் தேங்காயால் அடித்து உடைக்கும் ஆட்டம்; வைரம் பாய்ந்த சிறு தேங்காயைப் பல மாதங்களுக்கு முன்னரே தேடி வைப்பவர் உளர். 20ஆம் நூற்றாண்டிலே கிராம முன்னேற்றச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் பெருகிய பின்னர், வீட்டு முற்றத்து விளையாட்டு மைதானத்துக்கு வந்தது. கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, கொழுப்புப் பூசிய மரத்தில் ஏறுதல், கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல், துவிச்சக்கர வண்டி ஓட்டம் என்பன ஒரு நாள் நிகழ்ச்சியாக ஒழுங்குபட்டன. பெயர் எழுதிக்கொள்ளும் மேசையும் ஒலிபெருக்கியும் பரிசுப் பொருள்களும் சேர்ந்தன. வழுக்கு மரத்தின் உச்சியிலுள்ள பரிசை ஒருவன் தனியே எட்டிப்பிடித்தல் அரிது. கீழிருப்பவன் தோளிலே ஏறியே அடுத்தவன் உயர வேண்டும். அதனாலேயே கூட்டம் அங்கு மிகுதியாக நிற்கும்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய ஆறு வாரங்கள், கத்தோலிக்கருக்குத் தபசு காலம். இக்கரையோரத்தில் அக்காலத்துக்கென ஒரு கலைமரபே வளர்ந்தது. அதன் வேர் அடக்குமுறைக் காலத்திலுள்ளது. போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், 1658இலேயே கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளித்தலை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். ஆலயங்கள் பறிபோயின. குருவின்றித் தவித்த மக்களிடம், 1687இல் கோவையிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். 2015இல் கொழும்புக் காலிமுகத் திடலிலே புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. அவரைப் பின்தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழையும் சிங்களத்தையும் ஐயந்திரிபறக் கற்று இரு மொழியிலும் நூல்கள் இயற்றினார். இயேசுவின் பாடுகளை உருக்கமாக எடுத்துரைக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. குரு வாராத ஊரிலும் ஒருவர் ஏடு வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டு அழுதனர். சிங்களத்திலே 'பசன்' எனப்படும் ஒப்பாரிப் பாடல்கள் தபசு கால இரவுகளில் வீடுதோறும் பாடப்பட்டன. 1742இல் அவர் போலவத்தையில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும் ஓதுதலும் பாடுதலும் மக்கள் சொத்தாகிவிட்டன. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இல் நீக்கிய பொழுது, அடங்கியிருந்த அம்மரபு வெளியே வந்து ஆலய முற்றங்களை நிறைத்தது.

பாடலும் வாசிப்பும் காட்சியாயின. முதலிலே உருவச் சிலைகளை அசைத்துக் காட்டினர். பின்னர் மனிதரே வேடம் புனைந்தனர். 'பஸ்கு' என்று இன்று வழங்கும் பாஸ்கு நாடகம் இதுவே. பவேரியாவிலுள்ள ஒபரம்மர்கௌ என்னும் சிற்றூர், 1633இல் கொள்ளைநோயினின்றும் காக்கப்பட வேண்டிச் செய்த நேர்த்தியின்படி 1634 முதல் நடித்துவரும் திருப்பாடுகளின் நாடகம் உலகறிந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு லோறன்ஸ் பெரேரா என்பவர் 1923இல் பொரலெஸ்ஸையில் அரங்கேற்றிய நாடகம் இலங்கையிற் பெரும்புகழ் பெற்றது. நீர்கொழும்பை அடுத்த தூவையின் பாஸ்கு நாடகமும் அவ்வாறே; மாசெலின் ஜயகொடி அடிகளார் அதற்குப் புதுப்பொலிவு ஊட்டினார். வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வரை உள்ள மீனவர் ஊர்களிலே, கடலுக்குச் செல்லாத பெரிய வெள்ளிக்கிழமையில், வலை இழுத்த கைகளே சிலுவை சுமந்து நடந்தன. தமிழில் இம்மரபு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் செழித்தது. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதனைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டு சென்றது.

இங்கே தமிழர் பெருமைகொள்ளத்தக்க ஒரு செய்தியும் உண்டு. சிங்கள நாடகம், அதாவது 'நாடகம' எனும் ஆடல் பாடலமைந்த கூத்து, தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்தே பிறந்தது. சிலாபம் தொடக்கம் கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் இரு மொழியும் அறிந்தோர் வாழ்ந்தமையால், மத்தளமும் கட்டியக்காரன் வருகையும் தமிழ் இராகங்களும் சிங்கள மேடைக்கு எளிதில் ஏறின. 1956 நவம்பர் 3இல் எதிரிவீர சரச்சந்திரர் அரங்கேற்றிய 'மனமே' என்னும் நாடகம் சிங்கள அரங்கின் மறுமலர்ச்சி எனப் போற்றப்படுவது. அதன் அமைப்பும் இந்நாடக மரபைத் தழுவியதே. மொழிச் சட்டத்தின் பெயரால் நாடு பிளவுபட்ட அதே ஆண்டிலே, சிங்களக் கலை தன் வேரைத் தேடியபொழுது தமிழ்க் கூத்தின் மத்தள ஒலியைக் கேட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும், ஒரே தெருவிலே பல விழாக்கள் சந்திக்கும்பொழுது எப்பொழுதும் பலகாரத் தட்டுகளே கைமாறின என்று கூறுதல் வரலாறாகாது. 1883 மார்ச் 25ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தாராம விகாரையிலே அவ்வாண்டு தொடக்கம் முதல் பெருவிழா நடைபெற்று வந்தது. அவ்விகாரையின் தலைவர் மீகெட்டுவத்தை குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையிலே கிறித்தவப் போதகரோடு வாதிட்டுப் புகழ்பெற்றவர். பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் காணிக்கைப் பொருளுடன் ஊர்வலமாக வந்தவண்ணம் இருந்தனர். விகாரைக்கு மிக அண்மையிலேயே, அப்பொழுது கட்டி முடியாதிருந்த புனித லூசியா பேராலயம். தபசு காலத்தின் துக்கமும் விகாரை விழாவின் மேளமும் ஒரே காற்றிலே கலந்தன.

சிலுவையையும் கன்னிமரியாளையும் இழிவுபடுத்தும் உருவங்களை பௌத்தர்கள் எடுத்து வருகின்றனர் என்றொரு வதந்தி பரவியது. அன்று பிற்பகலிலே பொரளைப் பகுதியிலிருந்து மாட்டு வண்டிகளுடன் வந்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையை நெருங்கிய வேளையில், ஆலய மணிகள் அபாய ஒலி எழுப்பின. திரண்ட கூட்டம் தடியும் கல்லும் கொண்டு ஊர்வலத்தைத் தாக்கியது. வண்டிகள் தீக்கிரையாயின, வண்டி மாடுகள் கொல்லப்பட்டன. பலர் காயமுற்றனர், பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். பொலிசார் கலவரத்தைத் தடுக்க வல்லராயிருக்கவில்லை. அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. ஆனால், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறி எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

அடிபட்டவர்களுக்கு அடியைவிட நீதி கிடையாமையே பெரும் புண்ணாயிற்று. 1884 சனவரியிலே கொழும்பில் பௌத்தர் பாதுகாப்புக் குழு ஒன்று தோன்றியது. பிரமஞான சங்கத்துத் தலைவரும் அமெரிக்கருமான கேணல் ஒல்கொட், அக்குழுவின் பொருட்டு இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு மந்திரியாகிய டேர்பி பிரபுவிடம் முறையிட்டார். கலவரத்துக்கு நீதி கேட்டுப் புறப்பட்ட முறையீடு, பௌத்தர்க்குரிய உரிமைகள் பலவற்றையும் கேட்பதாக விரிந்தது. அவற்றுள் ஒன்று, வெசாக் பூரணையைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்பது. கிறித்தவரின் திருநாட்களிலே அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. பௌத்தரோ தம் தலையாய திருநாளிலே வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அக்கோரிக்கையை ஏற்றார். 1885 ஏப்பிரில் 28ஆந் தேதி முதலாவது வெசாக் விடுமுறை அனுட்டிக்கப்பட்டது.

அந்நாளிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. ஹிக்கடுவை ஸ்ரீ சுமங்கல தேரர், குணானந்த தேரர், அநகாரிக தர்மபாலரின் தந்தையாராகிய தொன் கரோலிஸ் ஹேவாவிதாரண முதலியோரைக் கொண்ட கொழும்புக் குழு ஒரு கொடியை வகுத்திருந்தது. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்னும் ஐந்து நிறங்களும் அவை கலந்த ஆறாவது பட்டையும் கொண்டது அது. அக்கொடியைக் குணானந்த தேரர் தீபதுத்தாராமத்திலேயே முதன்முதல் ஏற்றினார். இரண்டு ஆண்டுக்கு முன்னே ஊர்வலம் நோக்கிச் சென்ற இடம் எதுவோ, அவ்விடத்திலேயே கொடி பறந்தது. 1950இல் இலங்கையிற் கூடிய உலக பௌத்தர் மகாநாடு அக்கொடியை ஏற்றுக்கொண்டது. இன்று ஆசிய நாடுகள் பலவற்றிலும் காணப்படும் கொடி, கொட்டாஞ்சேனைத் தெருவொன்றிற் பிறந்தது.

விடுமுறை வாய்த்ததும் வெசாக் நகர விழாவாக மலர்ந்தது. மூங்கிற் சட்டத்தில் மெல்லிய தாள் ஒட்டிய வெசாக் கூடுகள் வாயில்தோறும் தொங்கின. சாதகக் கதைகளை வரிசையாகத் தீட்டிய பெருந் தோரணங்கள் சந்திகளில் எழுந்தன. மின்சாரம் வந்த பின்னர் அவற்றிலே விளக்குகள் ஓடி விளையாடின. வழிப்போக்கர்க்கு உணவும் பானமும் இலவசமாக அளிக்கும் தன்சல்கள் தோன்றின. வெண்ணாடை அணிந்த இளைஞரும் சிறுமியரும் அலங்கரித்த வண்டியிலே அமர்ந்து பக்திப் பாடல் பாடிச் சென்றனர். இது நத்தார்ப் பாடற் குழுக்களைப் பார்த்து எழுந்த வழக்கம். வாழ்த்து அட்டைகளும் அவ்வாறே. போட்டியாக நின்ற இரு சமயத்தாரும் தம்மையறியாமலே ஒருவர் விழாவை மற்றவர் விழாவிலிருந்து கற்றுக்கொண்டனர். தன்சலிலே உணவுண்ண வரும் ஒருவனை அவன் சமயம் யாதெனக் கேட்கும் வழக்கம் இல்லை.

பாடற்குழுவும் பகைக்கு வித்தாகலாம் என்பதை 1915 காட்டியது. அவ்வாண்டு மே 28ஆந் தேதி வெசாக் இரவிலே, கண்டியில் பள்ளிவாசல் ஒன்றைக் கடந்து சென்ற பாடற்குழுவை ஒட்டி எழுந்த கலவரம் கொழும்பு உள்ளிட்ட பல மாவட்டங்களிலும் முஸ்லிம்களுக்கு எதிராகப் பரவியது. ஆங்கில ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, குற்றமற்ற சிங்களவர் பலரையும் சுட்டும் சிறையிலிட்டும் துன்புறுத்தியது. அப்பொழுது சட்டநிரூபண சபையில் எழுந்து அக்கொடுமையைக் கண்டித்தவர், தமிழராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொச்சிக்கடையிலே தந்தையார் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லால் மீண்டும் எடுப்பித்தவரும் அவரே. அவ்வாலயத்துக்கும் அந்தோனியார் திருத்தலத்துக்கும் இடையே நடந்து செல்லும் தூரந்தான்.

விழாவின் பாதுகாப்பு அயலவரின் நல்லெண்ணத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதையும் இத்தெருக்கள் அறிந்தன. 1942 ஏப்பிரில் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலையிலே யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. துறைமுகத்தை அடுத்த கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் நடுங்கின. நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினர். சில நாட்களிற் பிறந்த சித்திரைப் புத்தாண்டைப் பலர் உறவினர் வீடுகளிலும் அகதிகளாகவும் கழித்தனர். 1966 தொடக்கம் 1971 வரை வார விடுமுறை ஞாயிறிலிருந்து போயா நாளுக்கு மாற்றப்பட்டது. 1885இல் பௌத்தர் உணர்ந்த இடர்ப்பாட்டை, அவ்வாண்டுகளிலே வேலைநாளாகிய ஞாயிறுகளில் கிறித்தவர் உணர்ந்தனர். நாட்காட்டி என்பது வெறும் நாட் கணக்கன்று. யாருடைய வழிபாட்டுக்கு அரசு வழிவிடுகின்றது என்பதன் பதிவேடும் அதுவே.

2019 ஏப்பிரில் 21ஆந் தேதியும் ஓர் உயிர்த்த ஞாயிறே. புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடைக்கும் கட்டுவாப்பிட்டிக்கும் இடைப்பட்ட வழியிலே உள்ளது வத்தளை. வடக்கிலும் தெற்கிலும் சவ ஊர்வலங்கள் சென்ற நாட்கள் அவை. ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. மக்கள் தொலைக்காட்சியிலே பூசை கண்டனர். நான்கு வாரத்துக்குள் வந்த வெசாக்கும் ஆரவாரமின்றி அடங்கிப்போயிற்று. அதற்கிடையில், மே மாத நடுவில், குண்டு வைத்தவரோடு எத்தொடர்புமில்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் தாக்கப்பட்டன. 1883இல் வதந்தி செய்த வேலையை இங்கும் வதந்தியே செய்தது. சூன் 12ஆந் தேதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், கொச்சிக்கடைத் திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. அத்தலத்துக்குச் செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரி ஏந்தி வருவது நெடுநாளைய வழக்கம், அவ்வழக்கம் அறுபடவில்லை.

அக்கொடுமை பற்றிய முன்னறிவிப்பு அரசாங்கத்துக்குக் கிடைத்திருந்தும் தடுக்கப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. 2023 சனவரி 12ஆந் தேதி உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் எனவும், பாதுகாப்பு அதிகாரிகள் சிலரும் நட்டஈடு வழங்க வேண்டும் எனவும் தீர்ப்பளித்தது. 1883இல் எவரும் பொறுப்பேற்கவில்லை. 140 ஆண்டுகளின் பின்னர், மக்கள் அச்சமின்றி விழாக் கொண்டாடுவதற்குக் காவலாயிருத்தல் ஆட்சியாளரின் கடமை என்பது, நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் எழுத்திலே பதிவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இத்தெருக்களின் வரலாறு.

2020இல் கொள்ளைநோய் காரணமாக ஊரடங்கு நிலவியது. உயிர்த்த ஞாயிறும் புத்தாண்டும் வெசாக்கும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. ஊர்வலமும் இல்லை, மைதானமும் இல்லை, தன்சலும் இல்லை. மேளம் தொல்லை என்றும், மணியோசை இடையூறு என்றும் ஒரு காலத்தில் வழக்காடிய தெருக்கள், இரண்டும் ஒலிக்காத இளவேனில் எத்தகையது என்பதை அவ்வாண்டு கண்டன.

இன்று களனி கங்கையின்மீது புதிய பாலங்கள் எழுந்துள்ளன. வத்தளையிலே மாடிக் குடியிருப்புகள் பெருகி, கொழும்பின் நெருக்கத்தினின்றும் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு குடியேறியுள்ளன. மாடி வீட்டிலே முற்றமில்லை, பொங்கற் பானை எரிவாயு அடுப்பில் ஏறுகின்றது, போர்த்தேங்காய் அருகிவிட்டது. ஆயினும், பங்குனி நிறைமதி தோன்றியதும் விழாக்கள் வருகின்றன. உத்தரம், குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, புத்தாண்டு, வெசாக் என அடுத்தடுத்து வரும் நாட்களை வானம் குறித்துக் கொடுக்கின்றது. அந்நாட்களிலே தெருவை எவர் எப்பொழுது பயன்படுத்துவது, எவர் ஆலயத்தின் முன்னே எவர் மேளத்தை அடக்குவது, எந்தத் தட்டை எந்த வாயிலுக்கு அனுப்புவது என்பவற்றைப் பஞ்சாங்கம் சொல்வதில்லை. அவற்றை அத்தெருவிலே வாழ்வோர் ஆண்டுதோறும் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.